பழைய விங்மாஸ்டரை வீட்டுக் காவலுக்கு மாற்றுவது: எதைத் தொடலாம், எதைத் தொடவே வேண்டாம்

கேள்வி சுருக்கமாக இது. டெக்சாஸில் குடியுரிமை பெற்று வாழும் ஒருவர் 1970களில் செய்த ரெமிங்டன் 870 விங்மாஸ்டர் ஒன்றைப் பழசாக வாங்கியிருக்கிறார். 12 கேஜ் (குழல் அகல அளவு), 28 அங்குலப் பேரல் (குழல்), ஃபுல் சோக் (வாய் நன்றாகக் குறுகியது), வால்நட் கட்டை (தோளில் வைக்கும் மரப் பகுதி). பறவை வேட்டைக்கென்று செய்த அந்தப் பம்ப் ஷாட்கன்னை (முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) வீட்டுக் காவலுக்கு மாற்ற என்னென்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் கேட்கிறார்.

பட்டியலில் முதலில் வர வேண்டியவை ஒரு மேகசின் (தோட்டாக் குழாய்) ஸ்பிரிங், ஒரு ஃபாலோயர் (அந்த ஸ்பிரிங்கின் முனையில் தோட்டாவைத் தள்ளும் துண்டு), ஒரு பாட்டில் சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்). மொத்தச் செலவு ஒரு நல்ல சாப்பாட்டுக்கு ஆகிற அளவுதான். லைட்டும் குட்டைப் பேரலும் அதற்குப் பிறகு. ஐம்பது வருடத் துப்பாக்கியில் புது உதிரிகளைப் பூட்டிவிட்டு, உள்ளே தேய்ந்திருப்பதைப் பார்க்காமல் விடுவதுதான் இதில் அதிகம் நடக்கிற தவறு.

அதற்கும் முன்னால் சட்டம். எச்-1பி, எஃப்-1, எச்-4 போன்ற குடியேறா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குமுன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிக்கினால் போவது துப்பாக்கி மட்டுமல்ல, விசாவும்தான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கேட்டவர் குடிமகன் என்பதால் மேலே போகலாம். ஊரில் தாத்தா காலத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது. இந்திய ஆயுதச் சட்டம், 1959, பிரிவு 6-இன்படி உரிமம் இல்லாமல் பேரலைக் குறைப்பதே குற்றம்.

உங்கள் கையில் இருப்பது எது

870 சந்தைக்கு வந்தது 1950-இல். இன்றுவரை ஒரு கோடிக்கு மேல் செய்திருக்கிறார்கள். அதனால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாப் பாகமும் எல்லா வருடத்துக்கும் பொருந்திவிடாது. விங்மாஸ்டர் என்பது மெருகேற்றிய, உயர்தர வகை. 1987-இல் வந்த எக்ஸ்பிரஸ் மலிவு வகை. கடைகளில் விற்கும் பாகங்களில் பெரும்பாலானவை எக்ஸ்பிரஸையும் போலீஸ் மாடலையும் மனத்தில் வைத்துச் செய்தவை.

ரிசீவரில் (உட்பாகங்கள் அடங்கிய நடு உலோகக் கூடு) சீரியல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘வி’ என்றால் 12 கேஜ், 2¾ அங்குலத் தோட்டாவுக்கு மட்டும். ‘எம்’ என்றால் 3 அங்குல மேக்னம். ‘எக்ஸ்’ என்றால் 20 கேஜ். அதற்கான பாகங்கள் வேறு, இந்தப் பதிலை அப்படியே பின்பற்ற வேண்டாம். பேரலின் இடப்பக்கம் ரிசீவரை ஒட்டி இரண்டு மூன்று எழுத்துகள் பொறித்திருக்கும். அதில் முதல் எழுத்து மாதம். ‘பிளாக்பவுடர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பதினோரு எழுத்துகளோடு கடைசியில் ஓர் ‘எக்ஸ்’ சேர்த்து, ஜனவரி முதல் டிசம்பர் வரை வரிசையாக வைத்திருக்கிறார்கள். இரண்டாம் எழுத்து வருடம். இது பேரல் செய்த தேதிதான். பேரல் இடையில் மாற்றப்பட்டிருந்தால் துப்பாக்கியின் வயது அதுவல்ல.

‘வி’ ரிசீவரில் இன்றைய 3 அங்குலப் பேரல் தாராளமாகப் பூட்டிக்கொள்ளும். ஆனாலும் சுட வேண்டியது 2¾ அங்குலத் தோட்டாதான். காலித் தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் ரிசீவரில் ரிவெட் அடித்து நிற்கிறது, அது குட்டைத் தோட்டாவுக்கு அளந்து வைத்தது. 3 அங்குலக் காலித் தோட்டா அதில் இடித்துச் சிக்கும். இதன் தலைகீழ் நிலை ஆபத்தானது: 2¾ அங்குலச் சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) உள்ள பழைய பேரலில் 3 அங்குலத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், விரிய வேண்டிய வாய்க்கு உள்ளே இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பேரலில் என்ன பொறித்திருக்கிறதோ அதுதான் எல்லை.

பிரித்துப் பார்ப்பது

மேசையில் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆக்‌ஷனைத் (முன்கைப்பிடியை இழுத்து இயக்கும் அமைப்பு) திறந்து, சேம்பருக்குள் சுண்டு விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கீழே கேரியரை (தோட்டாவைத் தூக்கும் தகடு) மேலே தள்ளி, மேகசின் வாயில் தெரிவது ஃபாலோயர்தானா, தோட்டாவா என்று விரலால் உறுதி செய்யுங்கள். கண்ணை மட்டும் நம்பாதீர்கள். பழைய துப்பாக்கியில் ஃபாலோயர் கறுத்துப்போய்க் கிடக்கும், எதுவும் தெரியாது.

முன்கைப்பிடியைப் பாதி பின்னுக்கு இழுத்து, மேகசின் மூடியைக் கழற்றினால் பேரல் முன்னால் உருவிக்கொண்டு வரும். பிறகு கீழ்த் திறப்பு வழியாக இடப்பக்கத் தோட்டாத் தடுப்பை விரலால் அழுத்திக்கொண்டு முன்கைப்பிடியை முன்னே இழுத்தால் அதோடு போல்ட்டும் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) அதைச் சுமக்கும் ஸ்லைடும் வெளியே வரும். ட்ரிக்கர் கூட்டை இரண்டு பின்கள் பிடித்திருக்கின்றன. பித்தளைப் பஞ்ச் வைத்து மெதுவாகத் தட்டி எடுத்துக் கூட்டைக் கீழே இறக்குங்கள். ட்ரிக்கர் கூட்டையே பிரித்து மேய வேண்டாம். சால்வென்ட் தெளித்து, பிரஷ் போட்டு, காற்றடித்து, துளி எண்ணெய் விட்டால் போதும். ஐம்பது வருட எண்ணெய் பிசினாக இறுகி, குளிர் நாளில் கேரியரை மந்தமாக்கும். ‘ஸ்பிரிங் போய்விட்டது’ என்று வருகிற பாதித் துப்பாக்கிகளில் இதுதான் நோய்.

இப்போது ரிசீவரின் உள்பக்கச் சுவர்களைப் பாருங்கள். நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு பக்கமும் நீளமான மெல்லிய தகடு ஒவ்வொன்று, தன் பள்ளத்தில் படுத்திருக்கும். அவைதான் தோட்டாத் தடுப்புகள். இரண்டும் முறை வைத்து வேலை செய்து மேகசினிலிருந்து ஒவ்வொரு தோட்டாவாக விடுகின்றன. அவற்றைப் பிடித்திருப்பது திருகு அல்ல. பள்ளத்தின் ஓரத்து உலோகத்தை உளியால் லேசாகக் கொத்தி மடக்கியிருப்பார்கள். அந்தக் கொத்து காலப்போக்கில் தளரும். ட்ரிக்கர் கூட்டை எடுத்ததும் தகடு கையோடு வந்து விழுந்தால் கொத்து விட்டுப்போயிற்று என்று பொருள். தகடு ஆடினால் ஒரு இழுப்பில் இரண்டு தோட்டா வரும், அல்லது ஆக்‌ஷன் மூடியிருக்கும்போதே ஒன்று நழுவிக் கேரியர்மேல் வந்து உட்காரும். திரும்பக் கொத்துவது கன்ஸ்மித்துக்கு (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) சில நிமிட வேலை. அளவு மீறிக் கொத்தினால் தகடு அசையவே அசையாது. அதனால் இதை வீட்டில் செய்யாதீர்கள்.

கேரியர்மேல் நழுவிய தோட்டா ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? 1980களின் நடுப்பகுதிக்கு முந்தைய 870-இல் கேரியர் ஒரே திடத் தகடு. அதற்கும் போல்ட்டுக்கும் இடையில் தோட்டா மாட்டினால் ஆக்‌ஷன் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. துப்பாக்கி பூட்டிக்கொண்டுவிடும், கருவி இல்லாமல் விடுபடாது. பின்னால் வந்தவற்றில் கேரியரில் ‘யு’ வடிவ வெட்டு ஒன்று இருக்கும். அது வளைந்து கொடுக்கும், ஓங்கி இழுத்தால் விடுபடும். இதை ஃப்ளெக்ஸ்-டேப் என்பார்கள். பழையதில் இதைப் பொருத்தலாம். ஆனால் கேரியரை மட்டும் மாற்றிப் பலனில்லை, அதற்கேற்ற ஸ்லைடும் சேர்ந்து மாற வேண்டும். கன்ஸ்மித்திடம் எப்படியும் போகிறீர்கள் என்றால் கேளுங்கள். மாற்றாவிட்டாலும் ஒரு பழக்கம் போதும்: தோட்டாவைத் திணிக்கும்போது கட்டை விரல் மேகசின் வாய்க்குள் போகிறவரை தள்ளி, தடுப்பு ‘டிக்’ என்று விழுவதைக் காதால் கேட்ட பிறகே விரலை எடுங்கள். அரைகுறையாகத் தள்ளிவிட்டுக் கையை எடுப்பதுதான் இந்தப் பூட்டுக்கு முதல் காரணம்.

எஜெக்டரையும் பாருங்கள், ரிவெட் ஆடுகிறதா, முனை உடைந்திருக்கிறதா என்று. ஆடினால் செலவு உண்டு: புதிதாக ரிவெட் அடிக்க வேண்டும், வெளியே அந்த இடத்தின் நீலப் பூச்சு போகும். வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டியது இது. எக்ஸ்ட்ராக்டர் (காலித் தோட்டாவைச் சேம்பரிலிருந்து இழுக்கும் கொக்கி) விஷயத்தில் பழைய விங்மாஸ்டர் புதியதைவிட மேல். அது கடைந்தெடுத்த எஃகு. பின்னாளைய எக்ஸ்பிரஸில் வந்தது உலோகப் பொடியை அச்சில் வார்த்தது. ‘அப்கிரேடு’ என்று எதையாவது வாங்கி இதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

சேம்பரில் பிளாஸ்டிக் படிவும் துருப்புள்ளியும் இருந்தால் சுட்ட தோட்டா ஒட்டிக்கொள்ளும். ஒரு துப்புரவுக் கோலில் வெண்கலப் பிரஷ், அதைச் சுற்றி நான்கு-பூஜ்ய (மிக நைஸான) ரக எஃகுப் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய். அதை டிரில்லில் மாட்டி மெதுவான வேகத்தில் அரை நிமிடம் ஓட்டித் துடைத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

பேரல்: அறுக்காதீர்கள், வாங்குங்கள்

28 அங்குலப் பேரலோடு நடைவழியில் திரும்பினால் துப்பாக்கி உங்களுக்கு முன்னால் திரும்பிவிடும். 18 அல்லது 18½ அங்குலம் போதும். உடனே ‘இதையே அறுத்துவிட்டால் என்ன?’ என்ற யோசனை எல்லோருக்கும் வரும். 1934-இன் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி ஷாட்கன் பேரல் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அளப்பது ஆக்‌ஷனை மூடி, வாய் வழியாகக் கோலை விட்டு, போல்ட் முகம் வரை. ரம்பம் கால் அங்குலம் வழுக்கினால், முன் அனுமதியும் பதிவும் இல்லாத குட்டை ஷாட்கன் உங்கள் கையில். அது கூட்டாட்சிக் குற்றம். சட்டத்துக்குள்ளேயே அறுத்தாலும் சோக் போய்விடும், முன்மணி (குறி பார்க்கும் மணி) போய்விடும், வாய் கோணும், அழகான பழைய பேரலும் போச்சு.

870-இல் போல்ட் பூட்டிக்கொள்வது ரிசீவரில் அல்ல, பேரலின் பின் நீட்சியில். அதனால் வேறு பேரல் வாங்கிப் பூட்ட இழைப்பு வேலை பொதுவாகத் தேவைப்படாது. ஐந்து நிமிடத்தில் மாறும். சனிக்கிழமை பறவை வேட்டைக்குப் பழையதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ரெமிங்டனின் 18 அங்குலப் போலீஸ் வகை, சிலிண்டர் (வாய் குறுகாதது) அல்லது இம்ப்ரூவ்டு சிலிண்டர் (சிறிதே குறுகியது) சோக், வெறும் மணிக்குறி: பழசாகவே கிடைக்கும், தாராளமாகப் போதும். பூட்டிய பிறகு போலித் தோட்டாவை (வெடிக்காத பயிற்சித் தோட்டா) ஏற்றி இறக்கி, எடுக்கிறதா, துப்புகிறதா என்று ஐம்பது தடவை பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்பும். பழைய பேரலின் அடிவளையத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு குண்டு ஒன்று இருக்கும். மேகசின் மூடியின் பற்களில் அது விழுந்து மூடி கழலாமல் பிடிக்கும். புதிய பேரல்கள் பலவற்றில் அது இருக்காது; எக்ஸ்பிரஸில் அந்த வேலையைச் செய்வது வேறு அமைப்பு. பழைய மூடியும் புதுப் பேரலும் சேர்ந்தால் சுடச்சுட மூடி தளரலாம். மூடி தளர்ந்தால் பேரலும் ஆடும். கையால் நன்றாக முடுக்கி, ஒவ்வொரு 25 தோட்டாவுக்கும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

மேகசின்

முதலில் மூடியைத் திறந்து உள்ளே மரக்கட்டையோ பிளாஸ்டிக் குச்சியோ இருக்கிறதா என்று பாருங்கள். வலசைப் பறவை வேட்டைக்கு மொத்தம் மூன்று தோட்டாதான் அனுமதி என்பதால் போட்ட அடைப்பு அது. எடுத்துவிட்டால் நான்கு தோட்டா கொள்ளும். வீட்டுக்கு அதுவே குறைவில்லை.

கூட வேண்டுமென்றால் இரண்டு தோட்டா நீட்டிப்பு. 18 அங்குலப் பேரலின் வாயைத் தாண்டாமல் சரியாக நிற்பது அதுதான். இங்கே பழைய விங்மாஸ்டர்காரருக்கு ஓர் அதிர்ஷ்டம். பின்னாளைய எக்ஸ்பிரஸில் மேகசின் குழாயின் முன்முனையில் இரண்டு குழிகளை உள்நோக்கி அழுத்தி வைத்திருப்பார்கள். அதைச் சமன் செய்யாமல் நீட்டிப்புக் குழாய் போட முடியாது. உங்களுடையதில் அந்தக் குழி கிடையாது. ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ஓர் உலோக மூடிதான் இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் அதை நெம்பி எடுங்கள், மறு கையால் மூடிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிங் கூரையைத் தொட்டுவிட்டு வரும்.

பழைய ஃபாலோயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பளிச்சென்ற பச்சை அல்லது ஆரஞ்சு நிறத்தில் திடமாகக் கடைந்த ஒன்றைப் போடுங்கள். இருட்டில் மேகசின் காலியா என்று பார்க்க அந்த நிறம் உதவும். ஸ்பிரிங்கும் புதிது. குழாயும் நீட்டிப்பும் சேர்ந்த நீளத்தைவிட ஓர் அடி கூடுதலாக வருவது மாதிரி தொடங்கி, முழுக்க நிரப்ப முடிகிறதா என்று பார்த்து, முடியாவிட்டால் மட்டும் ஒவ்வொரு சுற்றாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட வைக்க முடியாது. நீட்டிப்பைத் திருகிய பிறகு ஒரு மரக்குச்சியால் ஃபாலோயரை முழு நீளத்துக்கும் தள்ளி விடுங்கள். இரண்டு குழாயும் சந்திக்கும் இணைப்பில் பிசிறு இருந்தால் அது அங்கேயே நிற்கும், கடைசி இரண்டு தோட்டா வராது. பேரலையும் நீட்டிப்பையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு கிளாம்ப் போட்டுவிட்டால் மூடி தளரும் தொல்லையும் போகும்.

கட்டை நீளம்

பணம் ஒரே ஓர் இடத்தில்தான் போட முடியும் என்றால் இங்கே போடுங்கள். விங்மாஸ்டரின் கட்டை ட்ரிக்கரிலிருந்து பின்முனை வரை சுமார் 14 அங்குலம். கையை நீட்டிப் பறவையைத் தொடர்ந்து சுடும் நெட்டையான ஆளுக்கு அது சரி. ஐந்தரை அடி ஆளுக்கு, நேருக்கு நேர் நின்று சுட, 12½ முதல் 13 அங்குலம்தான் பொருந்தும். கட்டை நீண்டால் முன்கைப்பிடி எட்டாது. எட்டாவிட்டால் முழுக்க இழுக்க மாட்டீர்கள். பாதி இழுத்துத் தள்ளினால் காலித் தோட்டா வெளியே வராமலோ, அடுத்தது ஏறாமலோ போகும். பம்ப் துப்பாக்கியில் ‘ஜாம்’ என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த அரை இழுப்புதான். வீட்டில் மனைவியோ கணவரோ எடுக்க வேண்டி வந்தால், இருவரில் குள்ளமானவருக்கு அளவு வையுங்கள். நீளமானவர் குட்டைக் கட்டையோடு சமாளிப்பார், மற்றவரால் முடியாது.

மேக்புல் எஸ்ஜிஏ கட்டை அரை அங்குலத் துண்டுகளைச் சேர்த்து 12½ முதல் 14½ வரை மாற்றிக்கொள்ளலாம். ஹோகின் 12 அங்குல ரப்பர் பூச்சுக் கட்டை இன்னும் எளிது. பழைய வால்நட்டைக் கழற்ற, பின்முனை ரப்பரின் இரண்டு திருகை எடுத்து, நீளமான தட்டைமுனை ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு, கட்டையைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றுங்கள். வால்நட்டை அறுக்காமல் துணி சுற்றி எடுத்து வையுங்கள். நல்ல நிலையிலுள்ள பழைய விங்மாஸ்டரின் மதிப்பில் பாதி அந்தக் கட்டையிலும் அதன் பளபளப்பிலும்தான் இருக்கிறது. கட்டையே இல்லாத வெறும் பிஸ்டல் பிடி வைத்த கிட் விற்பார்கள். 12 கேஜை இடுப்பில் வைத்துச் சுட்டால் எங்கே படும் என்பது அதைச் செய்தவருக்கே தெரியாது.

லைட்

இருட்டில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்று தெரியாமல் ட்ரிக்கரைத் தொடவே கூடாது. அதனால் கட்டைக்கு அடுத்தது லைட். பம்ப் துப்பாக்கியில் இரண்டு கையும் வேலையில் இருப்பதால், முன்கைப்பிடிக்குள்ளேயே லைட் பொதிந்து வரும் வகைதான் உகந்தது. ஸ்ட்ரீம்லைட்டின் டிஎல்-ராக்கர் 1,000 லூமென் (வெளிச்ச அளவு) தருகிறது, இரண்டு சிஆர்123ஏ பேட்டரி. ஷூர்ஃபயரும் 870-க்கென்று தனியாகச் செய்கிறது. விலை கூட.

வாங்கும் முன் ஓர் அளவு எடுங்கள். பழைய முன்கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குழாயும் அதிலிருந்து பின்னால் போகும் இரண்டு கம்பிப் பட்டைகளும் தெரியும். இந்தக் குழாயின் நீளம் எல்லா வருடத்துக்கும் ஒன்றல்ல. பழைய வேட்டை மாடல்களில் நீளமாக இருக்கும், புது லைட் பிடிகள் குட்டைக்குச் செய்தவை. பொருந்தாவிட்டால் குட்டைக் குழாய் உள்ள பட்டைத் தொகுதியையும் சேர்த்து வாங்க வேண்டும். கழற்ற, முன்னால் உள்ள வட்ட நட்டில் இரண்டு வெட்டு இருக்கும், அதற்கென்றே ஒரு ரெஞ்ச் விற்கிறது. இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் எடுத்தால் நட்டின் வெட்டு பிய்ந்துபோகும்.

அறைக்குள் துப்பாக்கியை ஆள்மேல் நீட்டி அடையாளம் பார்க்கத் தேவையில்லை. தரையிலோ கூரையிலோ அடித்தால் 1,000 லூமென் அறை முழுக்க வெளிச்சமாக்கும். லைட் துப்பாக்கியில் இருக்கிறது என்பதை மறந்து டார்ச் மாதிரி வீசுபவர்களுக்கு, கட்டில் பக்கத்தில் கைவிளக்கு ஒன்றும் வேண்டும்.

பக்கவாட்டுத் தோட்டாப் பட்டை

ரிசீவரின் இடப்பக்கத்தில் நான்கு அல்லது ஆறு தோட்டாவை மாட்டி வைக்கும் பட்டை நல்ல யோசனைதான். பொருத்துவதில் ஒரு பொறி இருக்கிறது. உலோகப் பட்டைகள் ட்ரிக்கர் பின்களை எடுத்துவிட்டு அந்த ஓட்டை வழியாகத் திருகு போட்டு முடுக்கிக்கொள்பவை. முடுக்கம் அதிகமானால் ரிசீவரின் இரண்டு சுவரும் உள்ளே நெருங்கி, போல்ட் உரசும். முந்தா நாள் வெண்ணெய் மாதிரி ஓடிய ஆக்‌ஷன் இன்று மணலில் இழுப்பது போல் இருந்தால் காரணம் இதுதான். திருகைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்கி, ஆக்‌ஷனை இழுத்துப் பார்த்து, உரசினால் கால் சுற்று தளர்த்தி, நீல நிற நூல்பூட்டுப் பசை ஒரு துளி விடுங்கள். ஒட்டிக் கழற்றும் வெல்க்ரோ வகையில் இந்தச் சிக்கலே இல்லை, பின்களைத் தொடவும் வேண்டாம். ஒட்டும் முன் ஆல்கஹாலால் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். ஒரே குறை, வால்நட்டும் நீலப் பூச்சுமாக இருக்கும் துப்பாக்கிக்கு அது பார்க்கச் சகிக்காது.

ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி)? பழைய விங்மாஸ்டர் ரிசீவரில் அதற்கான திருகு ஓட்டைகள் இருக்காது, கன்ஸ்மித் துளைக்க வேண்டும். பத்து கஜத்துக்குள் மணிக்குறியே போதும். பேரல் வெப்பக் கவசம், முனையில் பல் வைத்த வாய், தோட்டா மாட்டும் கட்டை உறை எல்லாவற்றையும் கடையிலேயே விட்டுவிடுங்கள். சேஃப்டி பொத்தான் சின்னதாக இருக்கிறது என்று பெரியது மாற்றுபவர்கள் கவனிக்க: அதன் அடியில் ஒரு கடுகளவு எஃகுக் குண்டு ஸ்பிரிங்கோடு இருக்கிறது. அது பறந்தால் கம்பளத்தில் கிடைக்காது. பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பிரியுங்கள்.

தோட்டா

டபுள்-ஆட் பக்‌ஷாட், அதாவது பெரிய ரவை அடைத்த தோட்டா; ஒவ்வொரு ரவையும் 0.33 அங்குலக் குறுக்களவு. ஃபெடரலின் ஃப்ளைட்கன்ட்ரோல் வகையில் எட்டு ரவை, விநாடிக்கு 1,145 அடி வேகம் உள்ள தோட்டா வீட்டுக்கு நல்ல தேர்வு. உதை குறைவு. ரவையைச் சுமக்கும் கோப்பை வாயைத் தாண்டியும் சிறிது தூரம் பிரியாமல் போவதால், சாதாரணப் பக்‌ஷாட் தட்டளவு விரியும் தூரத்தில் இது உள்ளங்கைக்குள் நிற்கும். ஹார்னடியின் க்ரிட்டிகல் டிஃபென்ஸும் இதே வழி. ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே வேண்டாம், திசை காட்டினால் போதும் என்று சொல்வது தவறு. ஓர் அறையின் நீளத்தில் எந்தத் தோட்டாவும் அவ்வளவு விரியாது.

அமெரிக்க வீட்டின் உள்சுவர் என்பது இரண்டு அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் காற்று. டபுள்-ஆட் ரவை அப்படிப் பல சுவரைத் தாண்டிப் போகும். ‘அப்படியானால் பறவை ரவை போடலாமே’ என்பார்கள். சுவருக்கு அடங்கும் அளவுக்குச் சின்ன ரவை, உடம்பிலும் மேலோட்டமாக நிற்கும். ஆகவே தீர்வு தோட்டாவில் இல்லை. பிள்ளைகள் எந்த அறையில் தூங்குகிறார்கள், எந்தக் கோணத்தில் நின்றால் பின்னால் யாரும் இல்லை என்று பகலில் வீட்டை நடந்து பார்த்து வையுங்கள்.

உங்கள் பேரலில் உங்கள் தோட்டா எப்படி விரிகிறது என்பதைத் தாளில்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் ஆகக் கூடிய நேர்தூரத்தை நாடாவால் அளந்து, பெரும்பாலும் ஏழு முதல் பன்னிரண்டு கஜம் வரும், அந்தத் தூரத்தில் ஆளுயரத் தாளில் மூன்று தடவை சுடுங்கள். ஒரு ரவை மட்டும் தனியே ஓடினால் வேறு பிராண்டு முயலுங்கள். அதோடு நூறு சாதாரண டார்கெட் தோட்டா, காவலுக்கு வைக்கப்போகும் தோட்டாவில் 25, ஒரு தடங்கலும் இல்லாமல் ஓட வேண்டும். தடங்கல் வந்தால் கணக்கைத் திரும்பத் தொடங்குங்கள். பழைய ஃபுல் சோக் பேரலில் ஸ்டீல் ரவை சுடாதீர்கள், சோக் வீங்கும்.

வைப்பது

870-இன் சேஃப்டி ட்ரிக்கரை மட்டும்தான் தடுக்கிறது, சுத்தியலை அல்ல. சேம்பரில் தோட்டாவோடு சாய்த்து வைத்த துப்பாக்கி கீழே விழுந்தால் அந்தச் சேஃப்டியை நம்ப முடியாது. அதனால் சேம்பர் எப்போதும் காலி. போலீஸ் காரில் வைக்கும் முறை இது: ஆக்‌ஷனைத் திறந்து காலி என்று விரலால் உறுதி செய்து, மூடி, பாதுகாப்பான திசையில் நீட்டி ட்ரிக்கரை ஒரு முறை இழுத்து, சேஃப்டி போட்டு, பிறகு மேகசினை நிரப்புவது. சுத்தியல் இறங்கியிருப்பதால் ஸ்லைடு பூட்டில் இருக்காது. எடுக்கும்போது ஸ்லைடு பூட்டைத் திறக்கும் பொத்தானைத் தேடாமல் ஒரே இழுப்பில் ஏறும். எச்சரிக்கை: அதே காரணத்தால் ஒரு குழந்தை பிடித்து இழுத்தாலும் ஏறும். வீட்டில் குழந்தை இருந்தால், வரப்போகிற விருந்தாளிக்குக் குழந்தை இருந்தாலும், பூட்டு கட்டாயம். எண் அழுத்தித் திறக்கும், சுவரில் பொருத்தும் பெட்டி அல்லது பிடி நல்லது. நிரப்பிய துப்பாக்கியில் ட்ரிக்கர் பூட்டு மாட்டாதீர்கள். மாட்டும்போதே ட்ரிக்கரில் பட வாய்ப்பு உண்டு.

ஒரே தோட்டாவை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் விளிம்பு தேயும், வாய் நசுங்கும். நாலைந்து முறை ஏறி இறங்கியதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். லைட் பேட்டரியை வருடத்துக்கு ஒரு முறை, பிறந்த நாளோ பொங்கலோ, நினைவில் நிற்கும் ஒரு தேதியில் மாற்றுங்கள். காதுக்கு எலக்ட்ரானிக் மஃப் ஒன்றைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே மாட்டி வையுங்கள். மூடிய அறையில் 12 கேஜ் ஓசை 150 டெசிபலைத் தாண்டும். ஒரே ஒரு தடவை சுட்டாலும் காதுக்கு நிரந்தரக் கேடு வரலாம்.

செலவை எந்த வரிசையில் செய்வது என்றால்: இந்த மாதம் சுத்தம், ஸ்பிரிங், ஃபாலோயர், கன்ஸ்மித்தின் ஒரு பார்வை, இரண்டு பெட்டி டார்கெட் தோட்டா. அடுத்த மாதம் கட்டை, பூட்டுப் பெட்டி. அதற்கடுத்து லைட், பக்‌ஷாட். பேரல் பழசாகக் கிடைக்கும்போது வாங்கலாம், அவசரமில்லை. நீட்டிப்பையும் பக்கப் பட்டையையும் வாங்குமுன் போலித் தோட்டா ஆறு வாங்கி, தினம் பத்து நிமிடம் வீதம் ஒரு மாதம், ஆக்‌ஷனை முழுக்க இழுத்து முழுக்கத் தள்ளிப் பழகுங்கள். பழகும் அறையில் அசல் தோட்டா இருக்கக் கூடாது. அந்த ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது அரை இழுப்பு வந்தால் கட்டை இன்னும் அரை அங்குலம் குறைய வேண்டும்.